எண் பூட்டும் அதன் இரகசியமும்

ஓர் அலுவலகத்தின் இரும்புப் பெட்டியில் சாவித் துவாரம் இல்லை. கதவின் நடுவே 0 முதல் 99 வரை கோடுகள் பொறித்த டயல் ஒன்று மட்டும் இருக்கிறது. அப்பெட்டியைத் திறப்பதற்குரிய மூன்று எண்களை அறிந்தவர் ஒருவரே. அவர் எதிர்பாராமல் காலமாகிவிடுகிறார். எண்கள் எங்கும் குறித்து வைக்கப்படவில்லை. உள்ளேயோ நிலப்பத்திரங்களும், ஊழியர்களின் பணிப் பதிவேடுகளும், முத்திரையிட்ட உறைகளும் இருக்கின்றன. இத்தகைய நிலையில் செய்யத்தக்கது யாது?

வாயுச் சுடரால் கதவை அறுக்கலாம். ஆனால் உள்ளிருக்கும் காகிதங்கள் கருகிப் போகக்கூடும். தகுந்த இடம் அறிந்து துளையிட்டு, அத்துளை வழியே பூட்டின் உள்ளுறுப்புகளைப் பார்த்துத் திறக்கலாம். ஆனால் பிறகு கதவைச் செப்பனிட வேண்டும். பூட்டையும் மாற்ற நேரிடலாம். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பூட்டுத் தொழிலில் தேர்ந்த ஒருவர் பெட்டியின் முன் அமர்ந்து, ஒரு பென்சிலும் கட்டமிட்ட தாளும் துணையாகக் கொண்டு, டயலை மெல்லத் திருப்பித் திருப்பி அளவுகளைக் குறிக்கிறார். சில மணி நேரத்தில் கதவு திறக்கிறது. பெட்டியில் ஒரு கீறலும் இல்லை.

இக்காட்சியைத் திரைப்படங்கள் மாயவித்தையைப் போலக் காட்டுவது வழக்கம். உண்மையில் இது நுண்ணிய அளவீட்டையும் எளிய கணக்கையும் அடிப்படையாகக் கொண்ட ஒரு தொழிற்கலை. அதன் உட்பொருளை அறிந்தவர்க்குப் பூட்டுகளின் வன்மை எதில் இருக்கிறது, மென்மை எதில் இருக்கிறது என்பது தெளிவாகும்.

பத்து லட்சம் என்னும் மதில்

எழுத்துகளையோ எண்களையோ வரிசைப்படுத்தித் திறக்கும் பூட்டு மிகப் பழையது. அல் ஜஸாரி என்னும் பொறியியல் மேதை 1206ஆம் ஆண்டில் முடித்த நூலில், நான்கு வட்டங்களைத் திருப்பித் திறக்கும் பூட்டுடைய பெட்டி ஒன்று விவரிக்கப்பட்டுள்ளது. இன்று காணும் வடிவில், வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய டயல் பூட்டு 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் அமெரிக்காவில் வளர்ச்சியுற்றது. லைனஸ் யேல் இளையவர், ஜேம்ஸ் சார்ஜென்ட் ஆகியோர் அவ்வளர்ச்சியில் முதன்மையானவர்கள். சாவித் துவாரம் இருந்தால் அதன் வழியே கம்பியை நுழைக்கலாம், வெடிமருந்தைத் திணிக்கலாம். துவாரமே இல்லாத பூட்டில் இவ்விரண்டுக்கும் இடமில்லை என்பதே இதன் முதற் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு கணக்கைச் சார்ந்தது. ஒவ்வோர் எண்ணும் 100 வகையாக அமையலாம். எண்கள் மூன்று. ஆகவே 100 × 100 × 100 = 10,00,000 சேர்க்கைகள் உண்டு. ஒரு சேர்க்கையைச் சோதிக்க அரை நிமிடம் ஆகுமெனக் கொண்டால், அனைத்தையும் சோதிக்க ஊணும் உறக்கமும் இன்றி ஏறத்தாழ 347 நாட்கள் வேண்டும். பெட்டியை வாங்குவோரின் மனத்தில் நம்பிக்கையை ஊட்டுவது இக்கணக்கே.

ஆனால் இது பூட்டு குற்றமற்றதாக அமைந்திருந்தால் மட்டுமே பொருந்தும் கணக்கு. சரியான எண்ணிலிருந்து ஓரிரு கோடுகள் இப்பாலோ அப்பாலோ விலகினாலும் பல பூட்டுகள் திறந்துவிடுகின்றன. இரு பக்கமும் இரண்டிரண்டு கோடுகள் விலகலாம் என்றால், ஒவ்வோர் ஐந்து எண்ணுக்கும் ஒன்றைச் சோதித்தாற் போதும். 100க்குப் பதில் 20; பத்து லட்சத்துக்குப் பதில் 20 × 20 × 20 = 8,000. அதே அரை நிமிட வேகத்தில் இதற்கு 67 மணி நேரமே செல்லும். உறுப்புகள் சிறிது தளர்வாக அமைந்ததால் மட்டுமே மதிலின் உயரம் இவ்வளவு குறைந்துவிடுகிறது. எனினும் தேர்ந்த தொழிலாளி 8,000 முறையும் சோதிப்பதில்லை. அவர் கையாளும் வழி வேறு. அதை அறியப் பூட்டின் உள்ளமைப்பைக் காண வேண்டும்.

கதவுக்குப் பின்னே

டயலுடன் இணைந்த அச்சுத் தண்டு கதவை ஊடுருவிச் செல்கிறது. அதன் உள்முனையில் ஒரு சக்கரம் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. டயல் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே இதுவும் திரும்பும். இதை ஓட்டுச் சக்கரம் எனலாம். இதன் அருகே மூன்று சக்கரங்கள் வரிசையாக, ஆனால் அச்சுடன் பிணைக்கப்படாமல், தளர்வாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டுவாய் உண்டு.

ஓட்டுச் சக்கரத்தில் துருத்தி நிற்கும் முளை, ஒரு சுற்றுக்குள் மூன்றாம் சக்கரத்தின் முளையை முட்டி அதைத் தன்னோடு இழுத்துச் செல்லும். மூன்றாவது இரண்டாவதையும், இரண்டாவது முதலாவதையும் அவ்வாறே இழுக்கும். டயலை ஒரே திசையில் நான்கு சுற்றுத் திருப்பினால் மூன்று சக்கரங்களும் உடன் சுழலும். முதல் எண்ணில் நிறுத்தி எதிர்த்திசையில் திருப்பும்போது முதற் சக்கரம் அங்கேயே நின்றுவிடும், மற்றவை நகரும். இங்ஙனம் திசையை மாற்றி மாற்றித் திருப்பி, மூன்று வெட்டுவாய்களையும் ஒரே நேர்கோட்டில் கொண்டு நிறுத்துவதே எண்களை இடுவதன் பொருள்.

சக்கரங்களுக்கு மேலே ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சிறு உலோகச் சட்டம் மூன்று சக்கரங்களின் விளிம்புகளுக்கும் குறுக்கே நீண்டிருக்கிறது. இதைத் தடைச் சட்டம் என்போம். வெட்டுவாய்கள் மூன்றும் நேராக அதன் கீழ் வந்தால் சட்டம் அவற்றுக்குள் விழும். நெம்புகோலின் நுனியிலுள்ள மூக்கு ஓட்டுச் சக்கரத்தின் பள்ளத்தைப் பற்றிக்கொள்ளும். டயலை மேலும் திருப்ப, தாழ் பின்னுக்கு இழுக்கப்பட்டுக் கதவு திறக்கும். ஒரேயொரு சக்கரம் தவறான இடத்தில் நின்றாலும் அதன் விளிம்பு சட்டத்தைத் தாங்கிக்கொள்ளும், பூட்டு திறவாது.

பூட்டு வெளியிடும் செய்தி

இங்கேதான் நுட்பம் தொடங்குகிறது. எண்கள் தவறாக இருந்தாலும், டயல் சுற்றும் ஒவ்வொரு முறையும் நெம்புகோலின் மூக்கு ஓட்டுச் சக்கரத்தின் பள்ளத்தைக் கடந்து செல்கிறது. அவ்வேளையில் அது சிறிதளவு கீழிறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்பதைத் தடைச் சட்டம் எந்தச் சக்கரத்தின் மேல் தங்குகிறது என்பதே தீர்மானிக்கும்.

மூன்று சக்கரங்களும் முற்றிலும் ஒரே அளவாக இருந்தால், சட்டம் மூன்றின் மேலும் ஒருங்கே தங்கும். ஆனால் எந்தப் பட்டறையிலும் அவ்வாறு செய்ய இயலாது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கேனும் ஒரு சக்கரம் மற்றதைவிடப் பெரிதாயிருக்கும். அல்லது சட்டம் சற்றே சாய்ந்திருக்கும். ஆதலால் சட்டம் மூன்றில் உயர்ந்து நிற்கும் ஒரு சக்கரத்தின் மேலேயே தங்குகிறது. இனி அந்தச் சக்கரத்தின் வெட்டுவாய் மட்டும் சட்டத்தின் கீழ் வருவதாகக் கொள்வோம். சட்டம் அடுத்த உயரமான சக்கரம் வரையில் சிறிது தாழும். பூட்டு திறவாது, எனினும் மூக்கு முன்னைவிட ஆழமாகப் பள்ளத்தில் இறங்கியிருக்கும்.

இம்மிகச் சிறிய இறக்கத்தை வெளியிலிருந்து அறிவது எங்ஙனம்? பள்ளத்தின் இரு பக்கங்களும் சரிவானவை. டயலை இடப்புறம் திருப்பினால் மூக்கு ஒரு சரிவைத் தொடும். வலப்புறம் திருப்பினால் மற்றொரு சரிவைத் தொடும். இவ்விரு தொடுநிலைகளையும் விரல் உணரும். டயலின் கோடுகளில் கண் அவற்றைப் படிக்கும். மூக்கு ஆழமாக இறங்க இறங்க, இரு தொடுநிலைகளுக்கும் இடையிலுள்ள தூரம் குறுகும். உதாரணமாக, ஓரிடத்தில் இத்தொடுநிலைகள் 2¼, 13½ எனவும், வேறோரிடத்தில் 2½, 13¼ எனவும் தெரிவதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் இடைவெளி 11¼, பின்னர் 10¾. அரைக் கோடு குறைந்துள்ளது. அவ்விடத்தில் யாதோ ஒரு சக்கரத்தின் வெட்டுவாய் சட்டத்தின் கீழ் வந்துள்ளது எனக் கொள்ளலாம்.

தொழில் வல்லவர் சக்கரங்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் இரு தொடுநிலைகளையும் கோட்டின் எட்டில் ஒரு பங்கு நுட்பத்தோடு படித்து, கட்டத்தாளில் புள்ளியிடுகிறார். புள்ளிகளை இணைத்தால் ஏறத்தாழச் சமமாய்ச் செல்லும் கோடு ஓரிடத்தில் மட்டும் குறுகிக் காணும். அது எந்தச் சக்கரத்துக்கு உரியது என்பதை, சக்கரங்களைத் தனித்தனியே நகர்த்திச் சோதித்து அறிகிறார். பின்னர் அச்சக்கரத்தை அதற்குரிய இடத்தில் நிறுத்திவிட்டு, எஞ்சிய இரண்டிலும் இதே ஆராய்ச்சியைத் தொடர்கிறார்.

இதற்குரிய கருவிகள் சிலவே. கோடுகளைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, கோட்டின் சிறு பங்கைப் படிக்க உதவும் நுண்காட்டி, ஒலி பெருக்கும் சாதனம், கட்டத்தாள் ஆகியவை அவை. காதில் வைத்துக் கேட்கும் குழல் திரைப்படத்தில் பெரும்பங்கு பெறுகிறது. தொழிலில் கண்ணுக்கும் விரலுக்குமே முதலிடம். வேலை மிகுந்த பொறுமையைக் கோருவது. பழைய பூட்டில் தேய்மானமும் அழுக்கும் அளவுகளைக் குழப்பும். ஒரே அளவீட்டைப் பல முறை திரும்பச் செய்து ஒப்பிட்ட பின்னரே அதை நம்பலாம் என்பது ஆய்வுக்கூடத்துக்கு உரிய விதி; அவ்விதியே இங்கும் செல்லும்.

பெருக்கல் கூட்டலாக மாறும் விதம்

இம்முறையின் வெற்றிக்குக் காரணம் ஒரே வரியில் அடங்கும். பூட்டின் வன்மை பெருக்கலில் இருக்கிறது: 100 × 100 × 100. மூன்று எண்களும் ஒருங்கே சரியானால் ஒழிய, பூட்டு எதையும் சொல்லலாகாது என்பது அதன் நிபந்தனை. ஒரு சக்கரம் தன் எண்ணைத் தனியே வெளிப்படுத்திவிட்டால் பெருக்கல் உடைந்து கூட்டலாகிறது: 100 + 100 + 100. பத்து லட்சம் முயற்சிகள் வேண்டிய இடத்தில் சில நூறு அளவீடுகள் போதுமாகின்றன.

இவ்வுண்மை டயல் பூட்டுக்கு மட்டும் உரியதன்று. 1851ஆம் ஆண்டில் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர் வந்திருந்தார். சப் நிறுவனத்தாரின் புகழ்பெற்ற சாவிப் பூட்டை அவர் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பின்னர், திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு பல்லாண்டுகளாகக் கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டையும் எடுத்துக்கொண்டார். அதில் 18 சறுக்குத் தகடுகள் இருந்தன. 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்புக்குப் பின் அதுவும் திறந்தது. அவர் கண்ட வழியும் இதுவே. தாழின் மேல் மெல்லிய அழுத்தம் கொடுத்தால், உறுப்புகளின் நுண்ணிய அளவு வேறுபாட்டால் ஏதேனும் ஒன்று மற்றவற்றுக்கு முன் இறுகும். இறுகியதை அதற்குரிய இடத்துக்கு நகர்த்தியதும் அடுத்தது இறுகும். தகடுகள் ஒவ்வொன்றாகத் தம்மைக் காட்டிக்கொடுத்தன.

தடுக்கும் வழிகள்

பூட்டுச் செய்வோரும் வாளா இருக்கவில்லை. ஜேம்ஸ் சார்ஜென்ட் தாமே நுண்ணளவுக் கருவி ஒன்றைக் கொண்டு பிறர் செய்த பூட்டுகளைத் திறந்து காட்டியவர். அவ்வழியை அடைக்கும் பொருட்டே பின்னர் காந்த விசையைப் பயன்படுத்தும் பூட்டு ஒன்றை அமைத்தார். தடுக்கும் முறைகளின் நோக்கம் எக்காலத்திலும் ஒன்றே: பூட்டு பாதி விடை சொல்லாதிருக்க வேண்டும்.

எளிய தடுப்பு, சக்கர விளிம்பில் ஆழமற்ற பொய் வெட்டுகளை அமைப்பது. அவை மெய்யான வெட்டுவாயைப் போலவே அளவீட்டில் தோன்றி ஆராய்பவரை வழிதவறச் செய்யும். இதனினும் சிறந்த முறையில், எண்கள் இடப்படும்போது தடைச் சட்டம் சக்கரங்களைத் தொடவே தொடாது. டயலின் நடுவேயுள்ள சிறு திருகைத் தனியே திருப்பிய பின்னரே அது இறங்கும். அவ்வாறு இறங்கும்போது டயல் அசையாது. ஆகவே தொடுநிலைகளை அளந்தறிய வழியில்லை.

அண்டர்ரைட்டர்ஸ் லாபரட்டரீஸ் என்னும் அமெரிக்கச் சோதனை நிறுவனம் இப்பூட்டுகளைத் தரம் பிரிக்கிறது. முதல் தரப் பூட்டு, தேர்ந்தவர் ஒருவரின் 20 மணி நேரக் கைத்திறனைத் தாங்கி நிற்க வேண்டும். இரண்டாம் தரத்தில் மேம்பட்ட வகைக்கு 2 மணி நேரம் விதிக்கப்பட்டுள்ளது. ஊடுகதிரால் படமெடுத்து வெட்டுவாய்களின் இடத்தைக் காண முயல்வோரைத் தடுக்க, சக்கரங்களை உலோகத்துக்குப் பதிலாகக் கதிர்கள் எளிதில் ஊடுருவிச் செல்லும் பிளாஸ்டிக்கினால் செய்யும் வகையும் உண்டு. இத்தரங்கள் எல்லாம் காலத்தால் அளக்கப்படுவது கருதத்தக்கது. ஒருபோதும் திறவாத பூட்டு என்று எந்தச் சோதனைச்சாலையும் சான்றளிப்பதில்லை. இத்தனை மணி நேரம் தாங்கும் என்றே சொல்கிறது. அந்நேரத்துக்குள் காவலர் வந்து சேர வேண்டும் என்பது அதன் உட்கருத்து.

1990களின் தொடக்கத்தில் மின்னணுப் பூட்டுகள் அமெரிக்க அரசின் இரகசிய ஆவணப் பெட்டிகளில் இடம்பெறலாயின. டயலைச் சுழற்றும் கையசைவே அவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கும். எண்கள் ஒரு சிறு திரையில் தோன்றும். சக்கரமோ வெட்டுவாயோ இல்லாமையால் தொடுநிலை என்பதும் இல்லை.

எனினும் பழைய உண்மை வேறு உருவில் திரும்பி வருகிறது. கணிப்பொறி ஒன்று கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, முதல் தவறு கண்டவுடன் நின்றுவிடுவதாகக் கொள்வோம். முதலெழுத்துச் சரியானால் பதில் வர நொடியின் மிகச்சிறு பங்கு கூடுதலாகும். அந்நேரத்தை அளப்பவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிடலாம். பால் கோச்சர் என்ற ஆராய்ச்சியாளர், இரகசியக் குறியீட்டுக் கணக்குகளுக்கு ஆகும் நேரத்தை அளந்தே மறைவான திறவுகோலை வெளிக்கொணர முடியும் என்பதை 1996இல் காட்டினார். சக்கரத்தின் அளவு வேறுபாடு செய்த வேலையை இங்கே நேர வேறுபாடு செய்கிறது.

மனிதரால் நேரும் கசிவு

உறுப்புகளின் குறை ஒருபுறமிருக்க, பெரும்பாலான இரகசியங்கள் வெளிப்படுவது மனிதரின் பழக்கத்தால்தான். இதற்குச் சிறந்த சான்று லாஸ் அலமாஸில் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு ஆராய்ச்சி நடைபெற்ற இடம் அது. பின்னாளில், 1965இல், நோபெல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் அங்கே இளம் விஞ்ஞானியாகப் பணியாற்றினார். பூட்டுகளைத் திறந்து பார்ப்பது அவரது பொழுதுபோக்கு. அவ்வனுபவங்களை 1985இல் வெளிவந்த தம் நூலில் விவரித்திருக்கிறார்.

இரு பக்கமும் இரண்டு கோடுகள் விலகலாம் என்பதையும், எனவே 8,000 சேர்க்கைகளே உள்ளன என்பதையும் அவர் கண்டறிந்தார். முதல் எண் ஒன்றை வைத்துக்கொண்டு, பின்னிரு எண்களின் 400 சேர்க்கைகளையும் அரை மணிக்குள் சோதிக்கப் பழகினார். அதன்படி ஒரு பெட்டியைத் திறக்கச் சராசரி நான்கு மணி நேரம் வேண்டும். அடுத்து அவர் கண்டது இன்னும் முக்கியமானது. பகல் நேரத்தில் அலுவலர்கள் பெட்டியைத் திறந்தபடியே வைத்திருந்தனர். திறந்த பூட்டின் டயலைச் சிறிது அசைத்துப் பார்த்தே கடைசி இரு எண்களையும் அறிய முடிந்தது. உரையாடிக்கொண்டே, விளையாட்டாகத் திருகுவது போல், அவர் பலருடைய எண்களைத் தெரிந்து குறித்து வைத்தார். பிறகு அப்பெட்டி பூட்டியிருந்தாலும் முதல் எண்ணுக்குரிய 20 முயற்சிகளே எஞ்சின. சில நிமிடங்களில் அவர் திறந்துவிடவே, சக ஊழியர்கள் அவரை மாயவித்தைக்காரராக எண்ணினர்.

ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் உயர்பதவி வகித்த கர்னல் ஒருவருக்கு ஃபைன்மன் இக்குறையைச் செய்து காட்டி, வேலை நேரத்தில் பெட்டிகளைத் திறந்து வைக்கலாகாது என்று அறிவுறுத்தினார். கர்னல் எடுத்த நடவடிக்கை விசித்திரமானது. ஃபைன்மன் தங்கள் அறைக்கு வந்திருந்தால் எண்களை உடனே மாற்றிவிடுமாறு ஊழியர்களுக்குக் குறிப்பு அனுப்பினார். குறை பெட்டியைக் கையாளும் முறையில் இருந்தது. நடவடிக்கையோ அதைச் சுட்டிக்காட்டியவர் மேல் பாய்ந்தது. பெட்டிகள் முன்போலவே திறந்து கிடந்தன.

போர் முடிந்தபின், அணுகுண்டு ஆவணங்கள் அடங்கிய பெட்டிகளை அவர் திறக்க நேர்ந்தது. உரியவர் ஊரில் இல்லை. அவர் இயற்பியல் அறிந்தவர் என்பதால், கணித மாறிலிகளை எண்களாக வைத்திருக்கலாம் என ஃபைன்மன் ஊகித்தார். 31-41-59 பயனளிக்கவில்லை. 27-18-28 என்று இட்டதும் பெட்டி திறந்தது. அடுத்த பெட்டியும் அதே எண்களுக்கே திறந்தது.

பிறிதொரு சமயம், ஓர் அதிகாரியின் பெரிய இரும்புப் பெட்டியை அங்கிருந்த பூட்டுத் தொழிலாளி விரைவில் திறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அவரிடம் அரிய வித்தை இருக்க வேண்டுமென எண்ணி ஃபைன்மன் அவரைத் தேடிச் சென்று நட்புக் கொண்டார். தொழிலாளி சொன்ன விடை மிக எளியது. தொழிற்சாலையிலிருந்து வரும் பூட்டுகள் 25-0-25 அல்லது 50-25-50 என்ற எண்களில் வைக்கப்பட்டிருக்கும், அவற்றை இட்டுப் பார்த்தார், திறந்துவிட்டது. அதிகாரி எண்ணை மாற்றவே இல்லை. அதன்பின் ஃபைன்மன் தம் கட்டடத்துப் பெட்டிகளில் இவ்வெண்களை இட்டுப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று திறந்தது.

எண்ணை அறிந்தவரையே அச்சுறுத்தி அதைப் பறிப்பதும் வழக்கத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கொள்ளையர் வங்கிக் காசாளரை இரவில் வீட்டிலேயே பிடித்துத் துன்புறுத்தி எண்களைச் சொல்ல வைத்தனர். இதற்கு மாற்றாக ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873இல் காலப் பூட்டை அமைத்தார். 1874இல் இல்லினாய் மாநிலத்து மாரிசன் என்ற ஊரின் வங்கியில் அது பொருத்தப்பட்டது. கடிகார இயக்கத்தால் குறித்த நேரம் வரும்வரை, சரியான எண்களை இட்டாலும் கதவு திறவாது. காசாளருக்கே திறக்க முடியாதென்றால் அவரைத் துன்புறுத்துவதில் பயனில்லை. பூட்டு இங்கே பணத்தோடு மனிதரையும் காத்தது.

பெட்டியைப் பொறுப்பில் வைத்திருப்போருக்கு

மேற்கூறியவற்றிலிருந்து சில நடைமுறை விதிகள் தாமே பெறப்படும். புதிய பெட்டி வந்தவுடன் தொழிற்சாலை எண்ணை மாற்ற வேண்டும். பிறந்த நாள், வாகன எண், தொலைபேசி எண், புகழ்பெற்ற மாறிலி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பல பெட்டிகளுக்கு ஒரே எண்ணை வைக்கலாகாது. எண்ணை மாற்றியபின், கதவைத் திறந்து வைத்தபடியே தாழை நீட்டி, புதிய எண்ணைப் பலமுறை இட்டுச் சோதித்த பின்னரே கதவை மூட வேண்டும். இவ்விதியை மறந்ததால் புதுப் பெட்டியைத் துளையிட நேர்ந்தோர் பலர்.

கதவை மூடியதும் டயலை நான்கு சுற்றுக்குக் குறையாமல் சுழற்றிவிட வேண்டும். அப்போதுதான் மூன்று சக்கரங்களும் கலையும். வேலை நேரத்தில் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் பிறரை அருகே அமர விடலாகாது. எண்ணை முத்திரையிட்ட உறையில் வைத்து, வேறிடத்தில், பொறுப்புள்ள மற்றோர் அலுவலரின் காவலில் ஒப்படைக்க வேண்டும். பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறும்போது எண்ணும் மாற வேண்டும். டயல் கடினமாகத் திரும்பினாலோ, எண்ணிலிருந்து சற்று விலக்கி இட்டால்தான் திறக்கிறது என்றாலோ, உறுப்புகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். பெட்டி திறந்திருக்கும்போதே தொழிலாளியை அழைப்பது செலவு குறைந்த வழி.

வகுப்பறையில் ஒரு சோதனை

இதன் தத்துவத்தை மாணவர்க்கு விளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. தடித்த அட்டையில் 60, 59½, 59 மில்லிமீட்டர் ஆரமுள்ள மூன்று வட்டங்களை வெட்டி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 20 வரை எண்ணிட்டு, விளிம்பில் ஒரே ஒரு வெட்டுவாயை அமைக்க வேண்டும். மூன்று வட்டங்களையும் ஒரு சைக்கிள் ஆரக்கம்பியில் அருகருகே கோத்து, ஒவ்வொன்றும் தனித்தனியே சுழலுமாறு விட வேண்டும். ஒரு மூங்கில் குச்சியை மூன்று விளிம்புகளுக்கும் குறுக்கே, ஒரு நீண்ட கையோடு பிணைத்து வைக்க வேண்டும். கையின் ஒரு முனை முளையில் அசையட்டும். மறுமுனை, குச்சி இருக்கும் இடத்தைவிடப் பத்து மடங்கு தொலைவில், அளவுகோல் ஒன்றைச் சுட்டட்டும். அரை மில்லிமீட்டர் இறக்கம் அங்கே ஐந்து மில்லிமீட்டராகத் தெரியும்.

வெட்டுவாய்களை ஒரு திரையால் மறைத்துவிட்டு, சுட்டுமுனையை மட்டும் பார்த்து மூன்று எண்களையும் கண்டறியுமாறு மாணவரைப் பணிக்கலாம். பெரிய வட்டத்தைச் சுழற்றும்போது ஓரிடத்தில் முனை தாழும். அதை அங்கே நிறுத்தி இரண்டாவதையும், பின்னர் மூன்றாவதையும் சுழற்ற வேண்டும். 8,000 சேர்க்கைகளுள் ஒன்றை 60 முயற்சிகளுக்குள் மாணவர் கண்டுவிடுவர்.

பிறகு மூன்று வட்டங்களையும் சரியாக ஒரே அளவில் வெட்டி, சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். அளவுகள் உண்மையில் சமமானால் முனை எங்கும் தாழாது. மூன்று எண்களும் ஒருங்கே பொருந்தும் வரையில் அது அசையாது நிற்கும். மாணவர் கத்தரிக்கோலும் உப்புத்தாளும் கொண்டு எவ்வளவு முயன்றாலும், ஏதேனும் ஒரு வட்டம் மயிரிழையேனும் உயர்ந்தே நிற்கக் காண்பர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டுப் பட்டறைகள் கண்டுவரும் அனுபவமும் அதுவே.